மனநல மீட்சியில் சக ஆதரவும் சமூகக் கூடுகைகளும்: தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும்

மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வரும் ஒருவருக்கு மருந்தும் மருத்துவ ஆலோசனையும் இன்றியமையாதவை. ஆயினும் அறிகுறிகள் தணிவதே முழுமையான மீட்சி ஆகாது. மீண்டும் வேலைக்குச் செல்லுதல், உறவினர் இல்ல விழாக்களில் பங்கேற்றல், ஊரார் முன் அச்சமின்றி நடமாடுதல் ஆகியவையும் மீட்சியின் பகுதிகளே. இவற்றை அடைவதற்கு, அதே நோயின் துன்பத்தைக் கடந்து வந்த மற்றொருவரின் துணை பெரிதும் பயன்படுகிறது. இத்துணையே சக ஆதரவு எனப்படுகிறது. தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் மக்களின் தொழிலையும் வாழ்க்கை முறையையும் கருத்தில் கொண்டு, சக ஆதரவின் பொருள், பயன், எல்லைகள், கூடுகைகளை நடத்தும் முறை ஆகியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

சக ஆதரவு என்றால் என்ன?

மனநோயை நேரடியாக அனுபவித்து, சிகிச்சையின் மூலம் நிலைபெற்ற ஒருவர், அதே பாதையில் இருக்கும் மற்றொருவருக்குத் தம் அனுபவத்தின் அடிப்படையில் துணை நிற்பதே சக ஆதரவு ஆகும். நோயுற்றவரைப் பராமரிக்கும் பெற்றோர், துணைவர், உடன்பிறந்தோர் ஆகியோர் தமக்குள் அளித்துக்கொள்ளும் ஆதரவும் இதில் அடங்கும். இது மூன்று வடிவங்களில் நடைபெறுகிறது.

- இருவர் தனித்துச் சந்தித்து உரையாடுதல்.
- எட்டு முதல் பதினைந்து பேர் வரை குறித்த நாளில் கூடும் குழுக் கூடுகை.
- குடும்பத்தினருக்கு மட்டுமேயான தனிக் கூடுகை.

சக ஆதரவாளர் மருத்துவரோ ஆற்றுப்படுத்துநரோ அல்லர். அவர் நோயைக் கண்டறிவதில்லை. மருந்தைப் பரிந்துரைப்பதும் இல்லை. "எனக்கும் இவ்வாறு நேர்ந்தது, நான் இவ்வாறு கடந்தேன்" என்று சொல்லத்தக்கவராக இருப்பதே அவருடைய தகுதி.

மனச்சிதைவு நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, மதுச்சார்பு ஆகிய நிலைகளிலிருந்து மீண்டு வருவோர் இத்தகைய கூடுகைகளில் பங்கேற்கலாம். நோய் தீவிரமாக உள்ள நிலையில் முதலில் மருத்துவச் சிகிச்சை பெறுவதே முறை. அறிகுறிகள் ஓரளவு தணிந்த பின் கூடுகையில் இணையலாம்.

இரண்டு மருத்துவ நாள்களுக்கு இடைப்பட்ட காலம்

கம்பம் பள்ளத்தாக்கில் பெருமளவிலான மக்கள் வேளாண் தொழிலையும் தோட்டத் தொழிலையும் சார்ந்துள்ளனர். முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல்லும், பள்ளத்தாக்கின் தோட்டங்களில் பன்னீர் திராட்சையும், வாழையும் விளைகின்றன. கம்பம், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து ஏராளமான ஆண்களும் பெண்களும் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகளில் சென்று மாலையில் திரும்புகின்றனர். விடியற்காலையில் புறப்படும் ஜீப்பைத் தவறவிட்டால் அன்றைய கூலி இல்லை.

எடுத்துக்காட்டாக, மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு தோட்டத் தொழிலாளரை எண்ணிப் பார்க்கலாம். மருந்தினால் அவருக்குக் குரல்கள் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் இரவில் உட்கொள்ளும் மாத்திரையின் மயக்கம் விடியற்காலையிலும் நீடிப்பதால் அவரால் எழ இயலவில்லை. மாதம் ஒரு நாள் மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலியும் போகிறது. "நோய்தான் சரியாகிவிட்டதே" என்று உறவினரும் கூறுகின்றனர். இந்நிலையில் அவர் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடக்கூடும். நிறுத்திய உடனே பாதிப்பு தெரிவதில்லை. சில வாரங்களோ மாதங்களோ கழித்தே நோய் திரும்புகிறது. அதனால் மருந்தை நிறுத்தியதே காரணம் என்பது வீட்டாருக்குப் புலப்படாமல் போகிறது.

இச்சிக்கலுக்கு மருத்துவத்தில் தீர்வு உண்டு. மருந்தை உட்கொள்ளும் நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், மயக்கம் குறைவான வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம், சிலருக்கு இரு வாரங்களுக்கோ மாதத்திற்கோ ஒரு முறை செலுத்தும் ஊசி பொருந்தக்கூடும். ஆனால் மயக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் சொன்னால்தான் இவற்றுள் எதுவும் நிகழும். இதே துன்பத்தை அனுபவித்த ஒருவர், "நிறுத்தாதே, அடுத்த முறை டாக்டரிடம் இதைச் சொல், நானும் உடன் வருகிறேன்" என்று சொல்வதே இந்த இடத்தில் தேவைப்படும் உதவி. ஒரு மருத்துவ நாளுக்கும் அடுத்த மருத்துவ நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நோயாளி தனித்து விடப்படாமல் காப்பதே சக ஆதரவின் முதன்மைப் பணியாகும்.

சங்கிலியும் தோழமையும்

மனநோயிலிருந்து மீண்டவரே பிறருக்கு உதவலாம் என்பது புதிய கருத்து அன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பிரிவை நிர்வகித்த ழான் பத்தீஸ்த் பூசேன், குணமடைந்த நோயாளிகளையே பணியாளர்களாக அமர்த்தினார். அவர்கள் நோயாளிகளை அடிக்கமாட்டார்கள் என்பதை அவர் கண்டறிந்திருந்தார். 1797இல் அங்கு நோயாளிகளைப் பிணைத்திருந்த இரும்புச் சங்கிலிகள் அகற்றப்பட்டன.

தமிழ்நாட்டில் இப்பாடம் பெரும் துயரத்தின் வழியே கற்கப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் வேண்டுதலின் பொருட்டும், வீட்டில் பராமரிக்க வழியின்றியும் குடும்பத்தினரால் அங்கு விடப்பட்டவர்கள். இந்நிகழ்வை உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் ஏர்வாடி தர்காவுக்கு வருவோருக்கு, அவர்களது வேண்டுதலைத் தடுக்காமலேயே மனநலச் சிகிச்சையும் அளிக்கும் 'தவா – துவா' திட்டம் செயல்படுத்தப்பட்டது. மக்கள் நம்பிக்கையோடு கூடும் இடத்திற்குச் சிகிச்சையும் செல்ல இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

தேனி மாவட்டத்திலும் நோய் தொடங்கியவுடன் கோடாங்கியிடம் செல்வதும், கோயில்களில் தங்க வைப்பதும் வழக்கத்தில் உள்ளன. வழிபாடு மனத்திற்கு ஆறுதல் தருமாயின் அதனைத் தொடரலாம். ஆனால் அதன் பொருட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. நோயுற்றவரைக் கட்டிவைப்பதும், பட்டினி போடுவதும், அடிப்பதும் கூடவே கூடா.

தமிழ்நாட்டு அனுபவங்கள்

குடும்பத்தையும் சமூகத்தையும் சிகிச்சையின் பங்காளிகளாகக் கொள்ளும் மரபு தமிழ்நாட்டில் வலுவாக உள்ளது.

- வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டது. நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறை அங்குப் பின்பற்றப்பட்டது.
- மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான 'ஸ்கார்ஃப்', மறுவாழ்வுப் பணியிலும் குடும்பத்தினருக்கான கல்வியிலும் முன்னோடியாக விளங்குகிறது. நோயாளர்களின் குடும்பத்தினரே ஒன்றிணைந்து உருவாக்கிய 'ஆஷா' என்னும் அமைப்பும் சென்னையில் தோன்றியது.
- சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, 1989இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் மஞ்சக்குடி கிராமத்தில் மது அடிமை மீட்பு முகாமை நடத்தியது. நோயாளி நகரத்திற்குச் செல்லாமல், சிகிச்சை கிராமத்திற்கு வந்தது. ஊர் மக்களும் குடும்பத்தினரும் இப்பணியில் பங்கேற்றனர்.
- தேனிக்கு அண்மையிலுள்ள மதுரையில், மருத்துவர் சி.ராமசுப்பிரமணியன் 1992இல் நிறுவிய எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை, சமூக மனநலப் பணியிலும் மறுவாழ்விலும் ஈடுபட்டு வருகிறது.
- 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'தி பேனியன்' அமைப்பு, நெடுங்காலம் மருத்துவமனையில் இருந்தவர்கள் சிறு குழுவாக ஊருக்குள் சாதாரண வீட்டில் ஒன்றாக வாழும் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை நடத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இத்திட்டம் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடப்பட்டுள்ளது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

மனச்சிதைவு நோயாளர் 282 பேரைக் கொண்டு தமிழ்நாடு, மகாராட்டிரம், கோவா ஆகிய மாநிலங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2014இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. வழக்கமான மருத்துவச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, அதனுடன் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரின் துணையையும் பெற்றவர்களிடம் ஓராண்டு முடிவில் அறிகுறிகளும் அன்றாட இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. இந்த வேறுபாடு மிதமான அளவினதே. ஆனால் ஏற்கெனவே மனநலச் சேவைகள் மிகக் குறைவாக இருந்த தமிழ்நாட்டின் கிராமப்புறப் பகுதியில்தான் அது மிகுதியாகக் காணப்பட்டது. அதே வேளையில், நோயாளர்கள் எதிர்கொண்ட இழிவிலும் பாகுபாட்டிலும் இரு பிரிவினருக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை.

ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில், மருத்துவ நிலைய வளாகத்தில் இடப்பட்ட மர இருக்கையில் அமர்ந்து, பயிற்சி பெற்ற மூதாட்டியர் மனச்சோர்வுற்றோருடன் உரையாடும் 'நட்பு இருக்கை' திட்டம் உலகெங்கும் அறியப்பட்டதாகும். தனி உரையாடல்கள் முடிந்த பின், பங்கேற்றோர் குழுவாகக் கூடிக் கைப்பைகளைப் பின்னியவாறே தம் சிக்கல்களைப் பேசுகின்றனர். கைகள் ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது பேச்சு எளிதாகிறது என்பது நம் ஊர்த் திண்ணைகளிலும் அறியப்பட்டதே.

சக ஆதரவைப் பற்றிய ஆய்வுகளின் பொதுவான முடிவு இதுவாகும்: நம்பிக்கை, தன்மதிப்பு, மீட்சி பற்றிய உணர்வு ஆகியவை அதனால் மேம்படுகின்றன. ஆனால் அது மட்டுமே அறிகுறிகளைக் குறைக்கும் என்றோ, மருத்துவமனையில் சேர்வதைத் தடுக்கும் என்றோ உறுதியாகக் கூற இயலாது. எனவே சக ஆதரவு சிகிச்சையுடன் இணைந்து செல்ல வேண்டியது. சிகிச்சைக்கு மாற்று அன்று.

கூடுகைக்கான இடமும் நேரமும்

கூடுகையின் வெற்றி, பங்கேற்போரின் தொழிலோடும் வாழ்க்கையோடும் அது பொருந்துவதைச் சார்ந்துள்ளது.

- வேலை நாள்களில் பகலில் நடத்தப்படும் கூடுகைக்குக் கூலித் தொழிலாளர் வர இயலாது. விடுமுறை நாள் அல்லது ஜீப்புகள் திரும்பிய பின்னான மாலை நேரம் பொருத்தமானது.
- ஏலக்காய்ப் பறிப்பு, திராட்சைக் கவாத்து, நெல் நடவு, அறுவடைக் காலங்களில் வருகை குறையலாம். அக்காலங்களில் கூடுகையை நிறுத்தாமல், நேரத்தைச் சுருக்கியாவது தொடர வேண்டும்.
- சமுதாயக் கூடம், ஊராட்சிக் கட்டடம், நூலகம், பள்ளி வளாகம் போன்ற பொது இடங்கள் ஏற்றவை. ஒரு சாதியினருக்கு மட்டும் உரியதாகக் கருதப்படும் சாவடியோ மண்டபமோ தேர்ந்தெடுக்கப்பட்டால் மற்றவர்கள் வரமாட்டார்கள். எல்லோரும் தயக்கமின்றி நுழையக்கூடிய இடமாக இருத்தல் வேண்டும்.
- பெண்கள் தனியாகக் கூட விரும்பினால் அதற்கு வாய்ப்பளிக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டத்தை அடுத்து இதனை நடத்துவது, வெளியே வருவதற்கான காரணத்தை வீட்டில் விளக்கும் சுமையைக் குறைக்கும்.
- சொந்த ஊரில் பங்கேற்கத் தயங்குவோர் அருகிலுள்ள ஊரின் கூடுகையில் இணையலாம்.

கூடுகை நடைபெறும் முறை

ஒரு கூடுகை ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்திற்குள் நிறைவடைவது நன்று. பின்வரும் ஒழுங்கு பரிந்துரைக்கப்படுகிறது.

1. வரவேற்பும் விதிமுறைகளை நினைவூட்டலும். முதன்மை விதி: இங்குப் பேசப்படுவது வெளியே செல்லக் கூடாது.
2. ஒவ்வொருவரும் கடந்த நாள்கள் எவ்வாறு சென்றன என்பதைச் சுருக்கமாகக் கூறுதல். பேச விரும்பாதவர் அமைதியாக இருக்கலாம்.
3. ஒரு பொருளைப் பற்றிய உரையாடல். உறக்கம், மருந்தின் பக்க விளைவுகள், வேலையிடத்தில் நோயைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது, திருமணப் பேச்சு, கடன், கோபம் போன்றவை பொருளாகலாம்.
4. ஒவ்வொருவரும் அடுத்த கூடுகைக்குள் செய்யத்தக்க ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்தல்.
5. அடுத்த மருத்துவ நாளை நினைவூட்டுதலும், துணை தேவைப்படுவோருக்குத் துணையை ஏற்பாடு செய்தலும்.
6. தேநீருடன் நிறைவு செய்தல்.

இரு முறை தொடர்ந்து வராதவரை, அவர் ஒப்புதல் அளித்திருந்தால், ஒருவர் நேரில் சென்று பார்க்க வேண்டும். நோய் திரும்புவதன் முதல் அடையாளம் பெரும்பாலும் பிறரைத் தவிர்ப்பதே ஆகும். வராதவரைத் தேடிச் செல்வது கூடுகையின் மிக முக்கியமான பணிகளுள் ஒன்று.

சக ஆதரவாளர் கவனிக்க வேண்டியவை

செய்ய வேண்டியவை:

- குறுக்கிடாமல் கேட்டல்.
- தம் அனுபவத்தைத் தம்முடையதாக மட்டுமே கூறுதல். எல்லோருக்கும் அவ்வாறே நிகழும் என்று சொல்லாதிருத்தல்.
- தம் சொந்தச் சிகிச்சையையும் ஓய்வையும் பேணுதல்.
- ஐயம் எழும்போது மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரிடம் கலந்தாலோசித்தல்.

செய்யக் கூடாதவை:

- மருந்தை நிறுத்தவோ, கூட்டவோ, குறைக்கவோ அறிவுரை கூறுதல்.
- தம் மருந்தை மற்றவருக்கு அளித்தல்.
- கடன் கொடுத்தல், வாங்குதல், சீட்டுச் சேர்த்தல்.
- ஒருவர் கூறியதை அவர் குடும்பத்தினரிடமோ ஊராரிடமோ தெரிவித்தல். உயிருக்கு ஆபத்து உள்ள நிலை மட்டுமே இதற்கு விலக்கு. இவ்விலக்கை முதல் கூடுகையிலேயே அனைவருக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

வெயிலில் உழைப்போர் ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். லித்தியம் மருந்து உட்கொள்வோருக்கு உடலில் நீர்ச்சத்துக் குறைந்தால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு உயர்ந்து நச்சுத்தன்மை ஏற்படலாம். போதிய நீர் அருந்துதல், உப்பைத் திடீரெனக் குறைக்காதிருத்தல், குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் ஆகியவை அவசியம். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, கைநடுக்கம், தள்ளாட்டம் ஏற்பட்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

பின்வரும் நிலைகளில் அடுத்த கூடுகை வரை காத்திருக்கக் கூடாது.

- சாவைப் பற்றிப் பேசுதல், பிறரிடம் விடைபெறுவது போல் நடந்துகொள்ளுதல்.
- பல நாள்கள் தொடர்ந்து உறக்கமின்மை, உணவை மறுத்தல்.
- பிறருக்குக் கேட்காத குரல்கள் தம்மைத் தீங்கு செய்யத் தூண்டுவதாகக் கூறுதல்.
- மது அருந்துவதைத் திடீரென நிறுத்திய பின் வலிப்பு, நடுக்கம், மனக்குழப்பம்.

தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் அதைப் பற்றி நேரடியாகவும் கனிவாகவும் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டாது. மாறாக, உதவி பெற வழி திறக்கும். அவரைத் தனியே விடக் கூடாது. வேளாண் குடும்பங்களில் பூச்சிக்கொல்லி மருந்துகளை வீட்டில் வைக்காமல், பூட்டிய இடத்தில், பொறுப்பான ஒருவரின் கையில் சாவியுடன் வைப்பது உயிரைக் காக்கும் எளிய நடவடிக்கையாகும்.

சட்டம் வழங்கும் உரிமைகள்

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி:

- மனநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் சமூகத்தில் வாழவும், அதன் அங்கமாக இருக்கவும் உரிமை உண்டு. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்க இயலாது.
- எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பது தடை செய்யப்பட்டுள்ளது.
- நோய் பற்றிய தகவல்கள் மறைத்துக் காக்கப்படும் உரிமை உண்டு.
- தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமை. வழக்குக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி மனநோயும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாகும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளதாகச் சான்று பெற்றவர்கள், அரசின் நலத்திட்டங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை நிரப்புவதிலும், சான்றுக்கு அலையும்போது துணையாகச் செல்வதிலும் கூடுகையின் மூத்த உறுப்பினர்கள் உதவலாம்.

சேவைகளைப் பெறும் வழி

- தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, க.விலக்கு: மனநலப் பிரிவை அணுகலாம்.
- பெரியகுளம், கம்பம், போடிநாயக்கனூர், உத்தமபாளையம், சின்னமனூர், ஆண்டிபட்டி அரசு மருத்துவமனைகள்: மாவட்ட மனநலத் திட்டக் குழு வருகை தரும் நாளைக் கேட்டறிந்து செல்லவும்.
- ஆரம்ப சுகாதார நிலையம்: முதற்கட்ட ஆலோசனைக்கும் பரிந்துரைக்கும் மருத்துவ அலுவலரையோ கிராம சுகாதார செவிலியரையோ அணுகவும்.
- டெலி மானஸ்: 14416 அல்லது 1800-891-4416. கட்டணமின்றி, 24 மணி நேரமும், தமிழில் பேசலாம்.
- மருத்துவ ஆலோசனை: 104. அவசர ஊர்தி: 108.
- இலவசச் சட்ட உதவி: 15100.

தங்கள் ஊரில் கூடுகை தொடங்க விரும்புவோர், முதலில் மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் மனநல மருத்துவரையோ சமூகப் பணியாளரையோ சந்தித்து வழிகாட்டுதல் பெற வேண்டும். தொடக்கத்தில் மூன்று அல்லது நான்கு பேர் இருந்தாலே போதுமானது. நாளும் இடமும் நேரமும் மாறாமல் இருந்தால், தயங்கி நிற்பவர் என்றேனும் ஒரு நாள் வந்து சேர இயலும்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது அறிவுக்கானவை. தனிப்பட்ட சிகிச்சை குறித்து மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.